"இதை எடுத்தவர் எங்கடி இருந்தார்?" - தலையில் கேமராவோடு வானத்திலிருந்து குதிப்பவர்களின் கதை!

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. துபாயில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன் விமானத்திலிருந்து குதிக்கிறார். கீழே நீலக் கடல். அதன் ஓரத்தில் பனைமரத்தைப் படுக்கவைத்ததுபோல பாம் ஜுமேரா தீவு. காற்றில் கன்னங்கள் உப்பி அடித்துக்கொள்ள, அண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிச் சிரிக்கிறார். அவர் முதுகோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட பயிற்சியாளரும் சிரிக்கிறார்.

சித்தி அழுகிற ஸ்மைலி போட்டார். பெரியம்மா, "ஊருக்கு வரட்டும், திருஷ்டி சுத்திப் போடணும்" என்று வாய்ஸ் நோட் அனுப்பினார். அம்மா மட்டும் வீடியோவை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இவன் குதிச்சான், சரி. இவனைக் கட்டிக்கிட்டு இருக்கறவரும் குதிச்சார். எதிர்ல இருந்து இதை எடுத்தவர் எங்கடி இருந்தார்?"

தினமும் பத்து வைரல் வீடியோக்களைப் பற்றி எழுதும் எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி அது!

பதில் ரொம்ப எளிது. அவரும் குதித்தார். ஆனால், அவர் கையில் கேமரா இல்லை. தலையில் இருந்தது.

கை ஏன் காலியாக இருக்க வேண்டும்?

விமானத்திலிருந்து குதித்த பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் ஒரு மனிதரின் வேகம் மணிக்குச் சுமார் 190 முதல் 200 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். வயிறு தரையைப் பார்த்தபடி விழும்போது அதற்குமேல் வேகம் கூடாது. காற்றின் எதிர்ப்பும் உடல் எடையும் சமமாகிவிடும். அந்த வேகத்தில் காற்று தண்ணீர்போலக் கனமாக இருக்கும். கையைக் கொஞ்சம் இறக்கினால் உடல் அந்தப் பக்கம் திரும்பும். காலை நீட்டினால் முன்னால் நகரும். அதாவது, படகுக்குத் துடுப்பு எப்படியோ, ஸ்கைடைவருக்குக் கைகால்கள் அப்படி.

இந்த நிலையில் கையில் ஒரு கேமராவைப் பிடித்தால்? ஒரு பக்கத் துடுப்பை மட்டும் மாற்றிப் போட்ட கதைதான். ஆள் சுழலத் தொடங்கிவிடுவார். தவிர, பாராசூட்டை விரிக்கவும் கை வேண்டும். ஆக, உடம்பில் வேலையில்லாமல் இருப்பது தலை மட்டும்தான். கண் பார்க்கும் இடத்தையே கேமராவும் பார்க்கும் என்பது கூடுதல் லாபம்.

புதியவர்கள் பயிற்சியாளரோடு சேர்ந்து குதிப்பதற்கு 'டேண்டம் ஜம்ப்' என்று பெயர். அதில் இரண்டு வகையில் படம் எடுப்பார்கள். பயிற்சியாளரே மணிக்கட்டில் சின்ன கேமராவை மாட்டிக்கொண்டு செல்ஃபிபோல எடுப்பது ஒன்று. தனியாக ஒரு கேமராக்காரர் கூடவே குதிப்பது இன்னொன்று. அண்ணனுடையது இரண்டாவது வகை.

இந்தக் கேமராக்காரரின் வேலை விமானத்தின் வாசலிலேயே தொடங்கிவிடும். மற்றவர்கள் உள்ளே நின்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் கதவுக்கு வெளியே போய்க் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பார். அப்போதுதானே முகத்தில் தெரியும் பயத்தை எதிரிலிருந்து எடுக்க முடியும்! அவர்கள் குதிக்கும் அதே நொடியில் அவரும் கையை விட வேண்டும். அரை நொடி தாமதித்தால் இடைவெளி பெரிதாகிவிடும்.

இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு விழும்போது எடை இரட்டிப்பு. வேகமும் கூடும். அதனால் 'ட்ரோக்' எனும் குட்டி பாராசூட் ஒன்றைப் பின்னால் இழுபட விடுவார்கள். அது அவர்களின் வேகத்தை ஒற்றை ஆளின் வேகத்துக்குக் கொண்டுவரும். மீதி வித்தியாசத்தைக் கேமராக்காரர் தன் உடையால் சரிகட்டுவார். அந்த உடையில், அக்குளிலிருந்து இடுப்புவரை வௌவால் இறக்கைபோலத் துணி இருக்கும். கையை விரித்தால் மெதுவாக விழுவார், ஒடுக்கினால் வேகமாக.

இந்த வீடியோக்களில் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் காட்சி ஒன்று உண்டு. பாராசூட் விரிந்ததும், குதித்தவர் ராக்கெட்போலச் 'சர்'ரென்று மேலே போவதுபோலத் தெரியும். அவர் மேலே போகவே இல்லை. அவருடைய வேகம் குறைந்துவிட்டது. கேமராக்காரர் மட்டும் அதே வேகத்தில் கீழே விழுந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அதன்பிறகு அவர் தன் பாராசூட்டைத் திறந்து, முதல் ஆளாகத் தரையிறங்கி, இவர்கள் இறங்குவதைப் படம் எடுக்கத் தயாராக நிற்க வேண்டும்.

போர் விமானத்திலிருந்து தலைக்கு வந்த கேமரா

கேமராவைத் தலையில் கட்டும் யோசனை கோப்ரோ காலத்தில் வந்ததில்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் போர் விமானங்களில், துப்பாக்கி சரியாகச் சுடுகிறதா என்று பதிவுசெய்யச் சிறிய 16 மி.மீ ஃபிலிம் கேமராக்களைப் பொருத்தியிருந்தார்கள். போர் முடிந்து அவை மலிவாகக் கிடைத்தபோது, ஸ்கைடைவர்கள் அவற்றை வாங்கி ஹெல்மெட்டில் திருகிக்கொண்டார்கள். ஒரு ஃபிலிம் பெட்டியில் 50 அடிச் சுருள். சினிமா வேகத்தில் ஓட்டினால் சுமார் 83 விநாடிகள். ஒரு குதிப்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல!

கார்ல் பேனிஷ் இந்தக் கலையின் பெரிய பெயர். அமெரிக்காவில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயராக இருந்து, வேலையை விட்டுவிட்டு வானத்தில் படம் எடுக்கப் போனவர். 1969-ல் வந்த 'தி ஜிப்ஸி மாத்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தின் வான் காட்சிகளில் அவருடைய பங்கு உண்டு. 1978-ல் கலிஃபோர்னியாவின் எல் கேப்பிடன் பாறையிலிருந்து நண்பர்கள் குதிப்பதைப் படமாக்கி, 'பேஸ் ஜம்பிங்' என்ற விளையாட்டையே உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர். 1984-ல் நார்வேயில் ஒரு மலை முகட்டிலிருந்து குதித்தபோது இறந்துபோனார்.

அடுத்த வருடங்களில் ஜேம்ஸ் பாண்டும் இதில் சேர்ந்துகொண்டார். 1979-ல் வெளியான 'மூன்ரேக்கர்' படத்தின் தொடக்கத்தில், பாராசூட் இல்லாமல் தள்ளிவிடப்படும் பாண்ட், நடுவானில் வில்லனோடு மல்லுக்கட்டி பாராசூட்டைப் பிடுங்கும் காட்சி நினைவிருக்கிறதா? அந்தச் சில நிமிடக் காட்சிக்காக ஸ்டன்ட் கலைஞர்கள் குதித்தது 88 முறை. கிராஃபிக்ஸ் இல்லாத காலம். கூடவே விழுந்தபடி எடுத்ததும் ஹெல்மெட் கேமராதான்.

வாயால் எடுக்கும் போட்டோ

சரி, அந்த ஹெல்மெட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

தொழில்முறைக் கேமராக்காரர்கள் பலர் இரண்டு கேமராக்களைப் பொருத்திக்கொள்வார்கள். ஒன்று வீடியோவுக்கு, இன்னொன்று போட்டோவுக்கு. போட்டோ கேமரா பெரும்பாலும் உச்சியில், தட்டையாக்கப்பட்ட பகுதியில். வீடியோ கேமரா பக்கவாட்டிலோ, முன்பக்கத்திலோ. இரண்டும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். இதைத் தரையிலேயே, தூரத்தில் இருக்கும் ஒரு கம்பத்தையோ கட்டடத்தையோ பார்த்து நேராக்கிக்கொள்வார்கள்.

வ்யூஃபைண்டரில் கண்ணை வைக்க வழியில்லை. அதனால் ஒரு கண்ணுக்கு முன்னால் 'ரிங் சைட்' எனும் சின்னக் கண்ணாடி. அதில் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்துக்குள் ஆள் இருந்தால் படத்திலும் இருக்கிறார் என்று அர்த்தம். சிலர் கண்ணாடியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே சமாளித்துவிடுவார்கள். பொட்டு ஸ்டிக்கர்கூடப் போதும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த சமாசாரம் ஷட்டர். கை காலியில்லையே, போட்டோவை எப்படி க்ளிக் செய்வது? வாயால்! கேமராவிலிருந்து ஒரு மெல்லிய வயர் கீழே இறங்கி வாய்க்குள் போகும். அதன் முனையில் ஒரு சின்ன ஸ்விட்ச். பல்லால் கடித்தால் ஒரு போட்டோ. நாக்கால் அழுத்தும் வகையும் இருக்கிறது, குழாயில் ஊதும் வகையும் இருக்கிறது. ஃபோகஸை முன்கூட்டியே வைத்து, அசையாமல் இருக்க டேப் ஒட்டிவிடுவார்கள். லென்ஸ் அகலமாகப் பிடிக்கும் வகை. ஆகவே ஆள் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் ஜூம் செய்ய முடியாது, நெருங்கிப் போக வேண்டும். 200 கிலோமீட்டர் வேகத்தில், கைக்கெட்டும் தூரத்துக்கு.

உயரத்தைப் பார்ப்பதும் சிக்கல்தான். ஸ்கைடைவர்கள் கையில் வாட்ச்போல உயரமானி கட்டியிருப்பார்கள். கேமராக்காரர் அதைக் குனிந்து பார்த்தால் கேமராவும் குனிந்துவிடும், ஷாட் காலி! அதனால் ஹெல்மெட்டுக்குள் காதோரம் ஒரு கருவி வைத்துக்கொள்கிறார்கள். குறிப்பிட்ட உயரம் வந்ததும் 'பீப்' அடிக்கும். ஒன்று போதாதென்று இரண்டு வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

பாராசூட் விரியும்போது ஒரு பெரிய இழுப்பு இருக்கும். கேமராக்கள், லென்ஸ், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்தால் எடை இரண்டு கிலோவை நெருங்கும். அந்த இழுப்பில் கழுத்துக்கு அது பல மடங்காகத் தெரியும். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். அதனால் மெதுவாக விரியும் பாராசூட்டையே இவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

1988, ஏப்ரல்

இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

1988 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்தது. 35 வயதுக்காரர் ஒருவர், ஒரு பயிற்சியாளரும் மாணவரும் குதிப்பதைப் படம் எடுப்பதற்காக விமானத்தில் ஏறினார். புதியவர் இல்லை. அதற்கு முன் 800 முறைக்குமேல் குதித்தவர். அன்றைக்கு அது அவருக்கு முதல் குதிப்புகூட இல்லை. ஹெல்மெட்டில் வீடியோ கேமரா. அந்தக் காலத்துக் கேமராவுக்கு ரெக்கார்டர் தனி. அதைப் பையில் போட்டு முதுகில் சுமந்திருந்தார்.

அவர் குதித்தார். படம் எடுத்தார். பாராசூட்டைத் திறக்கக் கையைக் கொண்டுபோனார். பாராசூட் இல்லை. மாட்டிக்கொள்ளவே மறந்திருந்தார்.

முதுகில் ஏதோ கனமாக இருந்ததால், பாராசூட் இருப்பதாகவே நினைத்திருக்கலாம் என்று அப்போது சொன்னார்கள். டேப் கிடைத்தது. அதில் பயிற்சியாளரும் மாணவரும் குதிப்பதும், அவர்களுடைய பாராசூட் விரிவதும் பதிவாகியிருந்தன. அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்.

'இதெல்லாம் ஒரு மறதியா?' என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவர்கள்தானே நாம்? கேமராவில் பேட்டரி இருக்கிறதா, டேப் ஓடுகிறதா, லென்ஸ் துடைத்தாயிற்றா, மாணவரின் முகத்தில் வெளிச்சம் விழுமா... மனசில் இத்தனை ஓடும்போது, 800 முறை தானாக நடந்த ஒரு காரியம் நழுவிப்போனது.

ஹெல்மெட் கேமராவின் உண்மையான எடை கிராமில் இல்லை என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது. மனசில் அது அடைத்துக்கொள்ளும் இடம்தான் எடை. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்குச் சுமார் 55 மீட்டர். அதாவது, ஒவ்வொரு விநாடியும் பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்று கடந்துபோகிறது. ஷாட் நன்றாக இருக்கிறதே என்று ஐந்து விநாடி கூடுதலாகப் பார்த்தால் 900 அடி போய்விடும்.

ஹெல்மெட்டையே கழற்றி எறிய ஒரு கைப்பிடி

மனசு ஒருபக்கம் என்றால், இன்னொரு பக்கம் கயிறு.

பாராசூட்டின் கயிறுகள் ஷூ லேஸைவிட மெல்லியவை. ஆனால் ஒரு கயிறே நூற்றுக்கணக்கான கிலோ இழுவையைத் தாங்கும். பாராசூட் விரியும்போது இவை முதுகிலிருந்து தலைக்கு மேலே பாய்ந்து வரும். வழியில் ஒரு கொக்கி இருந்தால் மாட்டிக்கொள்ளும். தலையில் துருத்திக்கொண்டிருக்கும் கேமராவைவிட நல்ல கொக்கி எது?

பிரதான பாராசூட் சரியாக விரியவில்லை என்றால், அதைக் கழற்றிவிட்டு அவசர பாராசூட்டைத் திறக்க வேண்டும். எல்லா ஸ்கைடைவர்களுக்கும் முதலில் சொல்லித்தரும் பாடம் இது. ஆனால் கழற்றிவிட்ட பாராசூட்டின் ஒரு கயிறு கேமராவில் சிக்கியிருந்தால்? அது போகாது. இரண்டாவது பாராசூட்டும் அதில் பின்னிக்கொள்ளும் ஆபத்து உண்டு. குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே வந்தும் வேகம் குறையாவிட்டால் அவசர பாராசூட்டைத் தானாகத் திறக்கும் கருவிகள் இன்று இருக்கின்றன. ஆனால் கயிற்றுச் சிக்கலை அந்தக் கருவியால் அவிழ்க்க முடியாது.

அதனால் நல்ல கேமரா ஹெல்மெட்டைச் செய்பவர்கள் முதலில் யோசிப்பது, கேமராவை எப்படி இறுக்கமாகப் பொருத்துவது என்று மட்டுமல்ல. மொத்தத்தையும் எப்படி ஒரே நொடியில் உதறுவது என்றும்தான். தாடைப் பட்டையில் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும். இழுத்தால் ஹெல்மெட், கேமரா, லென்ஸ் எல்லாமே கழன்று போய்விடும். அது லட்சக்கணக்கில் விலையுள்ள பொருளாக இருந்தாலும்! கேமராவுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இடைவெளிகள் இல்லாமல் டேப்பும் ஃபோமும் வைத்து அடைப்பதும், கயிறு பட்டால் வழுக்கிப் போகுமாறு விளிம்புகளை உருட்டுவதும் இதற்காகத்தான். ஹெல்மெட்டின்மேல் ஒரு கயிற்றைப் போட்டு இழுத்து, எங்கே மாட்டுகிறது என்று தரையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

"சின்ன கேமராதானே?"

அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கையேடு, கேமராவோடு குதிக்க விரும்புபவர்கள் குறைந்தது 200 முறையாவது குதித்திருக்க வேண்டும் என்கிறது. அதோடு, கேமராவோடு பயன்படுத்தப்போகும் அதே பாராசூட்டில் சமீபத்தில் 50 முறையாவது குதித்துப் பழகியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆபத்து வந்தால் யோசிக்காமல் கை தானாகச் செயல்பட வேண்டும் என்பதுதான் காரணம்.

சாமான் பெரிதாக இருந்த காலத்தில் இந்த விதியை யாரும் கேள்வி கேட்கவில்லை. செங்கல் கனத்துக்கு ஒரு கேமராவைத் தலையில் தூக்கிவைக்கும்போது பயம் தானாக வரும். 2009-க்குப் பிறகு கோப்ரோவின் ஹெச்.டி கேமராக்கள் வந்தன. தீப்பெட்டி இரண்டை ஒட்டியதுபோல ஒரு பெட்டி. பின்னால் ஒட்டும் பட்டை. உரித்து ஒட்டினால் முடிந்தது. இருபது முப்பது முறை மட்டுமே குதித்தவர்களும், "இது சின்ன கேமராதானே, நான் படம் எடுக்கப் போவதில்லை, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கையேட்டின் பதில் கறார்: சின்ன கேமராவையும் பெரிய கேமராவைப்போலவே கருத வேண்டும். யோசித்துப் பார்த்தால் சரிதான். கயிறு சிக்க, சின்ன கேமராவின் தண்டு போதும். 'அது பாட்டுக்கு ஓடட்டும்' என்று யாராலும் விட முடியாது என்பதும் நமக்குத் தெரியும். கோயில் திருவிழாவில் போனைத் தூக்கிப் பிடித்தபடியே மொத்த சாமி ஊர்வலத்தையும் திரையில் மட்டும் பார்த்துவிட்டு வந்தவள் நான்.

தீர்ப்பு சொல்லும் தலை

இவ்வளவு சிரமம் வெறும் நினைவுப் பரிசு வீடியோவுக்காகத்தானா என்றால், இல்லை. ஸ்கைடைவிங் போட்டிகளில், நான்கு பேர் வானத்தில் கைகோத்து வடிவங்கள் அமைக்கும் பிரிவு உண்டு. 35 விநாடிகளில் எத்தனை வடிவம் என்பதுதான் மதிப்பெண். முன்பெல்லாம் நடுவர்கள் தரையிலிருந்து பெரிய தொலைநோக்கிகள் வழியாகப் பார்த்து எண்ணுவார்கள். இப்போது ஹெல்மெட் கேமரா வீடியோவைப் பார்த்துத்தான் தீர்ப்பு. வடிவம் அமைத்தும், அது ஃப்ரேமில் சரியாக விழவில்லை என்றால் புள்ளி போச்சு. அதனால் கேமராக்காரர்தான் அணியின் ஐந்தாவது ஆட்டக்காரர். ஜெயித்தால் அவர் கழுத்திலும் பதக்கம் ஏறும்.

சினிமாவில் இதன் உச்சம், 2018-ல் வந்த 'மிஷன் இம்பாசிபிள் - ஃபால்அவுட்'. 25,000 அடியிலிருந்து டாம் க்ரூஸ் குதிக்கும் காட்சிக்காக அவர் 106 முறை குதித்தார் என்று எல்லோரும் எழுதினார்கள். ஆனால் அத்தனை முறையும் அவருக்கு முன்னால், விமானத்துக்கு வெளியே முதுகைக் காட்டிப் பின்னோக்கிக் குதித்தவர் கிரெய்க் ஓ'பிரையன் என்ற கேமராமேன். சூரியன் மறையும் நேரத்து வெளிச்சம் வேண்டும் என்பதால், ஒரு நாளைக்கு ஒரே ஒரு டேக்தான். க்ரூஸின் முகம் ஃபோகஸில் இருக்க வேண்டுமென்றால், இருவருக்கும் நடுவே மூன்றடிதான் இடைவெளி இருக்க வேண்டும். அந்தப் படத்தை நான் தியேட்டரில் பார்த்திருக்கிறேன். விசில் அடித்தது முழுக்க டாமுக்குத்தான்.

சில நேரம் இந்தக் கேமராக்கள் ஆளை நன்றாக ஏமாற்றியும் இருக்கின்றன. 2012-ல் நார்வேயில் ஒருவர் இரண்டு ஹெல்மெட் கேமராக்களோடு குதித்தார். பாராசூட் விரிந்த பிறகு ஒரு கல் அவரைக் கடந்து 'விர்'ரென்று கீழே போனது வீடியோவில் பதிவாகியிருந்தது. விண்கல்லாக இருக்குமோ என்று நிபுணர்களோடு சேர்ந்து வயல்வெளிகளில் தேடினார்கள். 2014-ல் அது உலகச் செய்தியானது. கடைசியில், பாராசூட்டை மடித்து வைத்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட சாதாரணக் கூழாங்கல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவானது!

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். 1988 கதையை மட்டும் சொல்லவில்லை. பிறகு அண்ணனுக்கு போன் போட்டு, "உன்னை வீடியோ எடுத்தவர் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

"பேரா? கேக்கலையே. விமானத்துல ஏறும்போது கையில கை தட்டினார். கீழ இறங்கினதும் 'எப்படி இருந்துச்சு'ன்னு கேட்டு எடுத்தார். நான் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள அடுத்த ஆளோட ஏறப் போயிட்டார்" என்றார்.

அம்மா மறுபடி வீடியோவை ஓடவிட்டார். ஒரு கட்டத்தில் சட்டென்று நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி என்னிடம் காட்டினார். அண்ணன் போட்டிருந்த கண்ணாடியில், நீல வானத்துக்கு நடுவே கைகளை விரித்தபடி ஒரு சின்னக் கறுப்பு உருவம்.

"இதோ இருக்கார் பாரு" என்றார் அம்மா.